இலை கொட்டிய கல் இச்சி: ஒரு போன்சாய் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மரம் கல் இச்சி. நர்சரிகளில் ஃபைகஸ் ரெட்யூசா என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் இதுதான்; தாவரவியல் பெயர் ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா. ஆல், அரசு, அத்தி எல்லாம் இதற்குப் பங்காளிகள். வெட்டினால் பால் வடியும், ஈரக் காற்று பட்டால் விழுது விடும், மொட்டையடித்தாலும் பழைய கட்டையிலிருந்து துளிர்க்கும். நம் ஊர் வெயிலுக்கு இதைவிடப் பொறுமையான போன்சாய் கிடைப்பது அரிது. அதனால்தான் இந்த மரம் சாகும் நிலைக்கு வந்தது எப்படி என்று பதிவு செய்வது அவசியம் என்று தோன்றியது.

வயது இருபதுக்கு மேல். உயரம் ஒன்றரை அடிக்குச் சற்றுக் கூடுதல். மண்ணும் சேர்ந்து 5 செ.மீ. ஆழம்கூட இல்லாத நீள்வட்டப் பீங்கான் தொட்டி. மதுரையில் ஒரு தனிவீட்டு மொட்டை மாடியில் அண்ணன் ஒருவர் வளர்த்தது. வயதான காலத்தில் மகளோடு இருக்க அவர் வெளிமாநிலம் போக வேண்டி வந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் மரம் சென்னையில் இருக்கும் தங்கையிடம் வந்து சேர்ந்தது.

தங்கை வீடு அடுக்குமாடியில் நான்காவது தளம். வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று மரத்தை வரவேற்பறையில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஜன்னல் பத்தடி தள்ளி. எதிர்ச்சுவரில் ஸ்பிளிட் ஏசி. அண்ணன் போனில் சொன்ன ஒரே நிபந்தனை: “காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தண்ணி ஊத்திரும்மா. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.” மதுரை மாடியில் அந்த ஆழமில்லாத தொட்டிக்கு அது சரியான அறிவுரை. காலையில் ஊற்றியது மதியத்துக்குள் காய்ந்துவிடும். தங்கை அதை ஒருநாளும் தவறவிடவில்லை என்பதுதான் பின்னால் வந்த சிக்கலின் பாதி.

உதிர்வும் அதற்குச் செய்த வைத்தியமும்

இரண்டாவது வாரத்திலேயே உள்பக்க இலைகள் மஞ்சளாகி விழத் தொடங்கின. பிறகு பச்சை இலைகளும் விழுந்தன. கிளையை லேசாக ஆட்டினாலே நாலைந்து கொட்டும். மாதக் கடைசியில் மரத்தில் பாதிக்கு மேல் இலை இல்லை.

தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மதியமும் ஊற்ற ஆரம்பித்தார்கள். தொட்டிக்கு அடியில் ஒரு பீங்கான் தட்டு. தரை நனையக் கூடாது என்பதற்காக. அதில் எப்போதும் ஒரு விரல் அளவு தண்ணீர் நின்றது. ஊற்றிய தண்ணீர் எது என்று கேட்டபோது கிடைத்த பதில் இந்தக் கதையில் முக்கியமானது. குடிநீருக்கு வைத்திருக்கும் ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழியும் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிகளுக்கு விடுவது அந்த வீட்டுப் பழக்கம். சென்னையில் பல வீடுகளில் இருக்கும் பழக்கம்தான். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்தது. ஆனால் மெஷின் பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அந்த வாளியில்தான் போய்ச் சேர்கிறது.

செப்டம்பரில் ஒரு செடிக்கடையில் கேட்டதற்கு “சத்து இல்ல” என்றார்கள். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரம் டப்பாவில் போட்டிருந்ததைவிட இரண்டு பங்கு கரைத்து ஊற்றப்பட்டது. மேல்மண்ணைக் கிளறித் தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும் கலந்து பரப்பினார்கள். அடுத்த சில நாட்களில் மிச்சமிருந்த இலைகளின் ஓரம் பழுப்பாகிக் கருகியது.

செப்டம்பர் கடைசியில் யாரோ “வெயில் படணும்” என்று சொல்ல, மரம் நேராக மொட்டை மாடிக்குப் போனது. வெயில் படணும் என்பது உண்மை. ஆனால் ஏழெட்டு வாரம் அறைக்குள் இருந்த இலை மேல் திடீரென்று உச்சி வெயில் விழுந்தால் தோல் வெந்துதான் போகும். வெளிறிய திட்டுகள் வந்தன. அதன் பிறகு ஐப்பசி மழை. தட்டோடு சேர்த்து மாடியில் வைத்திருந்ததால் தொட்டி பல நாள் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

பார்த்தபோது இருந்த நிலை

நவம்பர் முதல் வாரத்தில் மரம் என் பார்வைக்கு வந்தபோது முப்பது நாற்பது இலைகள் இருந்திருக்கும். எல்லாம் கிளை நுனிகளில். அவற்றில் நரம்போரம் பழுப்பு நிறச் செதில்கள் ஒட்டியிருந்தன. விரல் வைத்தால் பிசுபிசுப்பு. அடிமரத்தில் எறும்பு வரிசை.

உயிர் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டியதில் அடிமரத்திலும் பெரிய கிளைகளிலும் பச்சை தெரிந்தது, சுரண்டிய இடத்தில் பால் துளிர்த்தது. இடதுபுற இரண்டாம் கிளையில் மட்டும் பாதிக்கு மேல் பச்சையும் இல்லை, பாலும் இல்லை. அந்தக் கிளையின் அடியில் பழைய அலுமினியக் கம்பி ஒன்று பட்டைக்குள் பதிந்து கிடந்தது. கிளையை வளைத்து வடிவம் கொடுக்க மதுரையிலேயே சுற்றியது, மரம் கைமாறியபோது யாருக்கும் நினைவில்லை.

மேல்மண்ணிலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் பொருக்கு. மூங்கில் குச்சி ஒன்றை மண்ணில் குத்திச் சற்று நேரம் கழித்து உருவினால், மேல் ஒரு செ.மீ. வெறும் ஈரம், அதற்குக் கீழே கரும் சேறு, சாக்கடை வாடை. அடித்துளைகள் இரண்டில் ஒன்று வேராலும் மண்ணாலும் அடைபட்டிருந்தது.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் அந்த வீட்டு போர் தண்ணீர் 1,100 காட்டியது; ஆர்.ஓ. கழிவு நீர் 1,750. கைப்பேசியில் உள்ள ஒளி அளவி துல்லியமானது அல்ல என்றாலும் ஒப்பிடப் போதும்: டிவி மேசை மேல் பகல் பதினோரு மணிக்கு 200 லக்ஸ் சுற்றி, பால்கனியில் நிழலிலேயே பல ஆயிரம். தெளிந்த வானத்தில் மொட்டை மாடியின் உச்சி வெயில் லட்சம் லக்ஸைத் தொடும்.

காரணங்களைப் பிரித்தது

முதல் உதிர்வு நோய் அல்ல. வெயிலில் உருவான இலை வெயிலுக்கென்றே கட்டப்பட்டது. தடிப்பானது, அதிக ஒளி இருந்தால்தான் தன் செலவைத் தானே ஈடுகட்டும். அறைக்குள் வந்ததும் அது வரவில்லாமல் செலவு வைக்கும் இலையாகிவிடுகிறது. இலையிலிருந்து காம்பு வழியாக ஓடும் ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஹார்மோன் குறைகிறது, காம்படியில் உள்ள பிரிவுப் படலம் உதிர்வைத் தூண்டும் எத்திலீன் வாயுவுக்கு இளகுகிறது, இலை விழுகிறது. இச்சி வகை மரங்கள் இடம் மாறினால் இப்படிக் கொட்டுவது சகஜம். அந்தக் கட்டத்தில் பால்கனிக்கு மாற்றி, தண்ணீரைக் குறைத்திருந்தால் ஆறேழு வாரத்தில் புது இலை வந்திருக்கும் என்பது என் கணிப்பு.

வினை தொடங்கியது அதற்குப் பிறகு. இலை பாதி போனால் மரம் உறிஞ்சும் தண்ணீரும் ஏறத்தாழ அந்த அளவுக்குக் குறையும். ஊற்றுவதோ மூன்று வேளையாகக் கூடியது. மண் துவாரங்களில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றது. காற்றில்லாத வேர் செத்தது. வேர் செத்ததால் இலைக்குத் தண்ணீர் ஏறவில்லை, இலை வாடியது. வாடிய இலையைப் பார்த்தால் தாகம் போலவே இருக்கும். அதனால் இன்னும் தண்ணீர்.

ஆழமில்லாத தொட்டி இதை மேலும் மோசமாக்கும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துத் தட்டையாகப் பிடித்தால் சொட்டுவது நின்றுவிடும். அதையே செங்குத்தாக நிறுத்தினால் மீண்டும் ஒழுகும். எந்தத் தொட்டியிலும் அடியில் வடியாமல் நிற்கும் ஒரு ஈர அடுக்கு உண்டு. அதன் உயரத்தை மண்ணின் பருமன்தான் தீர்மானிக்கிறது, தொட்டியின் ஆழம் அல்ல. மண் பொடியாக ஆக அந்த அடுக்கு உயரும். ஓரடி ஆழத் தொட்டியில் மூன்று செ.மீ. ஈர அடுக்கு இருந்தால் கவலையில்லை. 5 செ.மீ. தொட்டியில் அது வேரின் பெரும்பகுதியை மூழ்கடித்துவிடும். இங்கே பல வருடம் மாற்றாத கலவை நொறுங்கித் தூளாகியிருந்தது. அதன் மேல் நார்த்தூள் வேறு.

ஓரக் கருகல் உப்பால் வந்தது. கழிவு நீரின் உப்பும் இரட்டிப்பு உரத்தின் உப்பும் சேர்ந்து, இருந்த கொஞ்ச வேரையும் தண்ணீர் எடுக்க விடாமல் தடுத்தன. செதில் பூச்சி கடைசியாக வந்த விருந்தாளி. தளர்ந்த மரத்தில் அது ஏறும், எறும்பு அதைப் பாதுகாக்கும். ஏசி காற்றுக்கும் பங்கு உண்டு, ஆனால் சிறியது. எல்லோரும் முதலில் அதைத்தான் குற்றம் சொன்னார்கள்.

எடுத்த முடிவுகள்

தளர்ந்த மரத்தின் வேரைத் தொடாதே என்பது போன்சாய்க்காரர்களின் பொது விதி. இச்சிக்குத் தொட்டி மாற்ற நல்ல பருவம் சூடு ஏறி மரம் வேகமாக வளரும் சமயம். இரண்டையும் மீறி உடனே தொட்டி மாற்றுவது என்று முடிவானது. மண்ணில் அழுகல் வாடை வந்த பிறகு காத்திருப்பது, இருக்கும் நல்ல வேரையும் பந்தயம் வைப்பதாகும். தவிர, சென்னையில் நவம்பர் இரவு 22, 23 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. இச்சி வேர் வேலை செய்ய அந்தச் சூடு போதும். ஊட்டியிலோ பெங்களூரிலோ இதே மரம் இருந்திருந்தால் இந்த முடிவை எடுத்திருக்க மாட்டேன்.

செய்யாமல் விட்டவையும் முடிவுகள்தான். உரம் வேண்டாம்: உறிஞ்ச வேரில்லாத மரத்துக்கு உரம் வெறும் உப்பு. இலையையோ கிளையையோ வெட்டி வடிவம் சரி செய்ய வேண்டாம்: மிச்சமிருக்கும் இலைகள்தான் வேருக்குச் சாப்பாடு போடுகின்றன. பூஞ்சைக்கொல்லி ஊற்றலாமா என்று தங்கையின் கணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். மூச்சு முட்டிச் செத்த வேருக்கு மருந்து காற்றுதான். அழுகியதை வெட்டியெடுத்துக் காற்றோட்டமான கலவையில் வைத்தாலே பூஞ்சைக்கு இருக்கும் வசதி போய்விடும். மேல் தண்டில் பதியன் போட்டு ஒரு கன்றையாவது காப்பாற்றலாம் என்ற யோசனையும் வந்தது. இலை இல்லாத தண்டில் பதியன் வேர் விடாது என்பதால் கைவிடப்பட்டது.

தொட்டி மாற்றியது

தொட்டியிலிருந்து மரம் கட்டியாக வரவில்லை. அடிப்பாதி சேறாக வழிந்தது. பிளாஸ்டிக் டப்பில் மழைத் தண்ணீரைப் பிடித்து, வேரை அதில் அலசினோம். கறுத்த வேர்களை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் மேல்தோல் உறை போலக் கழன்று கையோடு வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் நின்றது. செத்த வேருக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. நல்ல வேர் இழுத்தால் தோல் கழலாது. வெட்டினால் பால் வரும், உள்ளே வெளிறிய மஞ்சள் நிறம் தெரியும்.

கறுத்த வேர் ஒவ்வொன்றையும் பால் வரும் இடம் வரை பின்னோக்கி வெட்டியதில் மூன்றில் ஒரு பங்கு வேர்தான் தேறியது. அடிமரத்தை ஒட்டிய தடித்த வேர்கள் தப்பியிருந்தன. வெட்டுவாயில் தண்ணீர் தெளித்தால் பால் உறைந்து நின்றுவிடும்.

பீங்கான் தொட்டிக்குத் திரும்பவில்லை. காய்கறி கழுவி வடிக்கும் பிளாஸ்டிக் கூடை ஒன்றை எடுத்துக்கொண்டோம்; ஆழம் அதிகம், நாலாபுறமும் ஓட்டை, விலையும் நூறு ரூபாய்க்குள். கலவையில் முக்கால் பங்கு உடைத்துச் சலித்த செங்கல் துண்டு, 3 முதல் 5 மி.மீ. வரை. மீதி பெர்லைட் என்ற எடை குறைந்த வெள்ளைப் பொரிகல்லும் சலித்த மக்கிய எருவும். சலிப்பதில்தான் பாதி வேலை. தூள் போகும்வரை இரண்டு முறை கழுவினோம். தூள் கலந்த செங்கல் போட்டால் பழைய சேறே திரும்பி வரும். அகாடமா என்ற ஜப்பான் மண் வாங்கட்டுமா என்று கேட்டார்கள். நன்றாக வேகவைத்த நாட்டுச் செங்கல் இந்த மரத்துக்குப் போதும்.

மரம் ஆடாமல் கூடையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினோம். மரம் ஆடினால் புது வேர் முனை ஒடியும். பதிந்திருந்த கம்பியை உருவாமல் துண்டு துண்டாக வெட்டி எடுத்தோம்.

கிழக்குப் பார்த்த பால்கனியில், 50 சதவீத நிழல்வலைக்குப் பின்னால் இடம். மேலே பெரிய கண்ணாடி பாலித்தீன் கவர், சில ஓட்டைகளோடு. வேர் குறைவாக இருக்கும் காலத்தில் இலை வழியாகப் போகும் தண்ணீரைக் குறைப்பதற்கு. நேர்வெயில் அந்தக் கவரில் பட்டால் உள்ளே வெந்துவிடும் என்பதால் வலையை விலக்கக் கூடாது என்று சொல்லியிருந்தோம். தண்ணீருக்கு மணிக்கணக்கு இல்லை: குச்சியைக் குத்தி எடுத்து, அடிப்பாதி வெளிறத் தொடங்கியிருந்தால் ஊற்ற வேண்டும், கருத்திருந்தால் நாளைக்குப் பார்க்க வேண்டும். ஊற்றினால் அடியில் ஓடும்வரை. மழைக்காலம் என்பதால் டிரம்மில் மழைநீர் தாராளமாக இருந்தது.

அதன் பின்

முதல் இரண்டு வாரத்தில் இன்னும் பத்துப் பன்னிரண்டு இலைகள் விழுந்தன. தங்கை போன் செய்து, “சார், இருந்ததும் போயிடுச்சே, தண்ணி பத்தலையோ?” என்றார். கேள்வி ஆகஸ்டில் கேட்ட அதே கேள்வி. இந்த முறை குச்சியைக் குத்திப் பார்க்கச் சொன்னேன். ஈரமாக இருந்தது. வேரை வெட்டியதற்கு ஏற்ப இலையைக் குறைத்துக்கொள்கிறது, விட்டுவிடுங்கள் என்றேன். அவர் ஊற்றவில்லை.

டிசம்பர் பாதியில் அடிமரத்திலிருந்து வெள்ளை நூலாக இரண்டு விழுதுகள் கிளம்பின. கவருக்குள் இருந்த ஈரத்தின் வேலை. அதற்குச் சில நாள் கழித்து, பெரிய கிளைகளின் பழைய முடிச்சுகளில் ஊசி முனை போன்ற மொட்டுகள். கவரின் ஓட்டைகளை வாரத்துக்குக் கொஞ்சமாகப் பெரிதாக்கி, பொங்கலுக்குள் முழுவதும் எடுத்துவிட்டோம்.

செதில் பூச்சிக்குப் பழைய டூத்பிரஷும் சோப்புத் தண்ணீரும். இலை குறைவாக இருந்ததால் ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுக்க முடிந்தது. பிறகு மாலை வேளையில் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சோப்புச் சொட்டு கலந்து. கூடையை நாலு கிண்ணத் தண்ணீரின் நடுவே கல் மேல் நிறுத்தியதும் எறும்பு வரத்து நின்றது. எறும்பை நிறுத்தாமல் செதில் பூச்சியை ஒழிக்க முயல்வது வீண்.

பிப்ரவரியில் மழைநீர் தீர்ந்து போர் தண்ணீருக்கு மாறினார்கள். புது இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாததால் அல்ல. காரத் தண்ணீரில் அது வேருக்குக் கிடைக்காத வடிவத்துக்குப் போய்விடுவதால். ஆர்.ஓ. குடிநீரையும் போர் தண்ணீரையும் சரிபாதி கலந்து ஊற்றச் சொன்னோம். கார நிலையிலும் வேலை செய்யும் இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பை ஒரு முறை கொடுத்ததில் அடுத்த கொழுந்துகள் பச்சையாக வந்தன. அதே மாதம் முதல் உரமும் தொடங்கியது, டப்பாவில் போட்ட அளவில் கால் பங்கு.

ஏப்ரலில் சில கொழுந்து இலைகள் நடுநரம்போடு மடிந்து மூடிக்கொண்டன, மேலே செம்புள்ளிகள். பிரித்தால் உள்ளே ஊர்வது மிகச்சிறிய கறுப்பு இலைப்பேன். இச்சிக்கே உரிய பூச்சி. ஆரோக்கியமான மரத்திலும் வரும். மடிப்புக்குள் மருந்து போகாது. மடிந்த இலைகளைக் கிள்ளி, பையில் கட்டிக் குப்பையில் போட்டார்கள். இதற்குத் தங்கை கவலைப்படவில்லை, தகவலாக மட்டும் சொன்னார்.

கம்பி பதிந்த இடதுகிளை பிழைக்கவில்லை. எங்கே உயிர் நிற்கிறது என்று தெரியும்வரை காத்திருந்து, மே மாதத்தில் பால் வரும் கோட்டுக்கு ஒரு விரல் மேலே அறுத்தோம்.

இப்போதைய நிலையும் மாற்றியவையும்

ஆகஸ்டில் ஒரு சுற்று முடிந்தபோது மரம் முழு இலையோடு இருந்தது. அக்னி நட்சத்திரத்தில்கூட வலைக்குப் பின்னால் தாக்குப்பிடித்தது. ஆனால் பழைய அழகு இல்லை. இலைகள் பெரியவை, கணுக்கள் இடைவெளி விட்டு ஓடியிருக்கின்றன, இடதுபுறம் வெறுமை. கூடையிலேயே இன்னொரு வருடம் விட்டு, வேர் நிறைந்த பிறகே ஆழமில்லாத தொட்டி.

இதே போல ஒரு மரம் கைமாறும்போது இனி நாங்கள் கேட்டு எழுதிக்கொள்வது: பழைய இடத்தில் எத்தனை மணி நேர வெயில், எந்தத் தண்ணீர், கலவை மாற்றி எத்தனை வருடம், எந்தக் கிளையில் கம்பி. எத்தனை வேளை ஊற்றினார்கள் என்று கேட்பதை நிறுத்திவிட்டோம். அந்தப் பதில் புது இடத்துக்குப் பொருந்தாது. நிழலுக்குக் கொண்டுபோக வேண்டிய மரத்தை மூன்று நான்கு வாரமாகப் படிப்படியாக மாற்றுகிறோம், திரும்ப வெயிலுக்கு ஏற்றும்போதும் அப்படியே. தட்டு வைப்பதானால் தொட்டி அதில் படாமல் கல் மேல் நிற்க வேண்டும். ஆர்.ஓ. கழிவு நீர் தரை துடைக்க.

இதை எல்லா மரத்துக்கும் நீட்டக் கூடாது. அரசு போன்சாய் பிப்ரவரி, மார்ச்சில் தானாகவே இலை உதிர்த்துத் துளிர்க்கும். அதற்கு வேரைத் தோண்டிப் பார்க்கத் தேவையில்லை. ஆன்லைனில் வாங்கும் ஜூனிப்பர் இதற்கு நேர் எதிர். அது பழுப்பாகும்போது செத்துச் சில வாரங்கள் ஆகியிருக்கும், தொட்டி மாற்றிப் பயனில்லை.

இடதுபுற வெறுமைக்கு அண்ணன் வீடியோ காலில் பார்த்து ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்: மரத்தைக் கால் சுற்றுத் திருப்பி, விழுது விட்ட பக்கத்தை முன்பக்கமாக்கி, பின்கிளையை இடதுபுறத்துக்கு இழுத்துக் கொண்டுவருவது. அதற்குக் கம்பி சுற்ற வேண்டும். சுற்றிய தேதியை எழுதிக் கூடையிலேயே கட்டித் தொங்கவிடுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.